தண்ணீர் சுமந்த சங்கு

மழை விட்டு வெயில் நன்றாகவே காய்ந்துகொண்டிருந்தது. தெருவில் எங்கும் ஈரமில்லை. எங்கள் சங்கிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. நானும் என் கணவரும் பாலக்கரையில் ஒரு கொட்டகை போட்டு, கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்து கொடுத்துவந்தோம். தகரத்தில் எழுதும் பலகை இல்லை. சிமெண்டில் எழும்பி நிற்கும் எழுத்துகள், அவற்றைச் சுற்றிக் கொடியும் தாமரையும், கடைக்காரர் கேட்டால் யானையோ மயிலோ. என் அப்பா மாதா கோயில்களுக்குச் சுரூபச் சிலைகள் வார்ப்பவர். களிமண்ணும் அச்சும் எனக்குப் பிறந்த வீட்டுச் சீர். உருவத்துக்கு நான் பொறுப்பு. உள்ளே போகும் கம்பி, சாரம், சுவரில் ஏற்றி நிறுத்துவதெல்லாம் அவர் பொறுப்பு.

ஸ்ரீரங்கத்தில் தெற்குச் சித்திரை வீதியில் காபி ஹோட்டல் வைத்திருந்த ஒரு முதலாளி மாடி எடுத்தபோது எங்களைக் கூப்பிட்டுவிட்டார். மாடியின் நெற்றியில் ஹோட்டல் பெயர், அதற்கு மேலே தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டு ஒரு பெரிய வெண்சங்கு. தெருமுனையில் திரும்பும்போதே கண்ணில் பட வேண்டும் என்றார். நான் இரண்டு கைகளையும் விரித்தாலும் எட்டாத நீளத்துக்குக் களிமண்ணில் சங்கு பிடித்தேன். அதன் மேல் பிளாஸ்டர் ஊற்றி இரண்டு பாதியாக அச்சு எடுத்து, தேங்காய் நாரும் கம்பி வலையும் வைத்துச் சிமெண்டை மெல்லிய ஓடாக வார்த்தேன். உள்ளே வெறும் கூடு. கனம் குறைய வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்தோம். இரண்டு பாதியையும் இரும்புச் சட்டத்தின் மேல் பொருத்தி, சட்டத்தின் கம்பிகளைச் சுவருக்குள் இறக்கினோம். எனாமல் பூசி முடிந்ததும் முதலாளி தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, "ஊதினா சத்தம் வந்துடும் போலிருக்கே" என்று சிரித்தார்.

வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள், எழுத்துகளில் மழைக்கறை படிந்திருக்கிறது, வந்து ஒரு கை பூசிவிட்டுப் போங்கள் என்று அவர் ஆள் அனுப்பினார். சைக்கிளில் பெயிண்டு டப்பாவோடு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீதி முழுக்க வெளியூர் ஜனம். மறுநாள் விடியலில் சொர்க்கவாசல் திறப்பு. கிடைத்த இடத்திலெல்லாம் மூட்டையை இறக்கி உட்கார்ந்திருந்தார்கள். சங்கின் நிழலில் ஒரு குடும்பம் துண்டை விரித்துக் கைக்குழந்தையைத் தூங்கப் போட்டிருந்தது. சொட்டு அந்தக் குழந்தையின் தலைமாட்டில்தான் விழுந்துகொண்டிருந்தது.

நான் நேராக மொட்டை மாடிக்கு ஏறினேன். சங்கின் முதுகில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அதற்குள் கறுப்பு ஒயர் போயிருந்தது. சங்கின் வாயைச் சுற்றி வரிசையாகச் சின்ன பல்புகள். ஒவ்வொன்றின் அடியிலும் மக்குப் பசை வைத்து அடைத்திருந்தார்கள். ஏகாதசிக்கு விளக்கலங்காரம். மழைத் தண்ணீர் மேலே ஓட்டை வழியாக இறங்கியிருக்கிறது, கீழே போக வழியில்லை. விரலை மடக்கித் தட்டினேன். நிறைந்த தவலையைத் தட்டினால் எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டது. குனிந்து பார்த்தேன். ஒயர் நுழைய இடைஞ்சலாக இருந்த ஒரு கம்பியை ரம்பம் வைத்து அறுத்திருந்தார்கள். மிச்சக் கம்பிகள் சுவரை விட்டு விரல் கனத்துக்கு வெளியே வந்திருந்தன. சங்கின் அடிவயிற்றில் ஓடிய விரிசலிலிருந்துதான் அந்தச் சொட்டு.

கணவரும் ஏறி வந்து பார்த்தார்.

"அடியில ஒரு ஓட்டை போட்டுத் தண்ணிய வடிச்சிடலாமா?"

"உளி பட்டா அப்படியே பிளந்துடுங்க. கீழ பச்சக் குழந்தை படுத்திருக்கு. இறக்கித்தான் ஆகணும்."

"இன்னிக்கா? இந்தக் கூட்டத்துலயா? முதலாளி விடுவாரா?"

முதலாளி விடவில்லை. கல்லாவை விட்டு எழாமலே தலையை ஆட்டினார். "விளையாடறீங்களா? நாளைக்கு ஏகாதசி. இன்னிக்குச் சங்கை இறக்கினா ஊர்ல என்ன பேசுவாங்க? அதுவும் நீங்க வந்து இறக்கினா..."

என் கழுத்தில் கிடந்த சிலுவையை ஒரு கணம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சங்கு செய்யச் சொன்னபோது அந்தச் சிலுவை அவர் கண்ணில் பட்டதே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதற்கெல்லாம் நேரமில்லை.

"யாரு என்ன வேணா பேசட்டுங்க. நீங்க ஒரே ஒரு தடவை மேல வந்து பாருங்க. பார்த்துட்டு வேண்டாம்னு சொன்னீங்கன்னா நாங்க போயிடறோம்."

முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அறுத்த கம்பியைக் காட்டினேன். குனிந்து, அறுபட்ட முனையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதை யாரு அறுத்தது?"

"லைட்டு போட வந்தவங்க."

"என்கிட்ட சொல்லவே இல்லையேம்மா" என்றார். கீழே குழந்தை விழித்துக்கொண்டு அழும் சத்தம் கேட்டது. அவர் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "என்ன செய்யணுமோ செய்யுங்க. முதல்ல மெயினை நிறுத்தச் சொல்றேன்."

வடமும் கப்பியும் கேட்டு என் கணவர் திருவானைக்காவல் மரவாடிக்குச் சைக்கிளை மிதித்தார். அவர் திரும்பும் வரை சங்குக்குக் கீழே ஆளில்லாமல் பார்த்துக்கொள்வது என் பாடு. ஹோட்டல் பெஞ்சுகளைத் தூக்கிவந்து குறுக்கே போட்டேன். குழந்தையோடு இருந்த குடும்பம் எழுந்து நகர்ந்தது. அவர்கள் விட்டுப்போன இடத்தில் உடனே வேறு இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

"எழுந்திருங்கம்மா, மேல இருக்கறது விழுந்துடும்."

"பெருமாள் சங்கு எங்க மேலயா விழும்?" என்றாள் அவர்களில் ஒரு அம்மாள், வெற்றிலையை மடித்துக்கொண்டே. கோபத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவள் மூட்டையை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள். நான் திரும்பி வருவதற்குள் வேறொருவர் வந்து நின்றார். தண்ணீர் சொட்டுவது நின்று, நூல் பிடித்ததுபோல ஒழுக ஆரம்பித்திருந்தது. கடைசியில் கூட்டத்துக்குப் போட்டிருந்த ஒரு கான்ஸ்டபிள் என் கூச்சலைக் கேட்டு வந்தார். அண்ணாந்து பார்த்தார். லத்தியைக் குறுக்கே பிடித்துத் தெருவின் அந்தப் பாதியையே அடைத்துவிட்டார்.

கணவர் வடம், கப்பி, ஒரு உத்திரக் கட்டையோடு மரவாடி ஆட்கள் நாலைந்து பேரையும் கூட்டிவந்தார். மாடியில் உத்திரத்தைக் குறுக்கே போட்டுக் கப்பியை மாட்டி, வடத்தின் ஒரு முனையைத் தெருவில் நின்று பிடித்துக்கொண்டார்கள். வடத்தின் மறு நுனியைச் சங்கின் வயிற்றுக்குக் கீழே கொண்டுவந்து கட்ட வேண்டும். கண்ட இடத்தில் கட்டினால் ஓடு முட்டைபோல நொறுங்கிவிடும். உள்ளே இரும்பு ஓடும் இடத்தில்தான் கயிறு விழ வேண்டும். வெள்ளைப் பூச்சுக்கு அடியில் இரும்பு எங்கே இருக்கிறது என்பது இரண்டு பாதியையும் சேர்த்துப் பூசிய எனக்குத்தான் தெரியும்.

"இடத்தைச் சொல்லு, நான் கட்டறேன்" என்றார் கணவர்.

"நீங்க மேல கப்பியைப் பார்க்கணும். அதை வேற யாரை நம்பி விடறது?"

அவர் பதில் சொல்வதற்குள் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்தேன். கூட்டத்தில் யாரோ, "பொம்பளை ஏறுதுடா" என்றார்கள். நான் கீழே பார்க்கவில்லை. ஏணி நடுவே வளைந்தது. சங்கின் அடி என் முகத்துக்கு நேரே வந்தபோது, விரிசல் நகக்கண் அகலத்துக்கு வாய் பிளந்திருப்பதைப் பார்த்தேன். என் மூச்சு பட்டால்கூட விழுந்துவிடும்போல இருந்தது. தலையை ஒதுக்கிக்கொண்டு இடது கையால் தடவினேன். இரண்டு பாதியும் சேரும் மேடு தட்டுப்பட்டது. அதற்குப் பின்னால் இரும்பு. வடத்தைச் சுற்றி முதல் முடிச்சு. வால் பக்கம் எட்டி இரண்டாவது முடிச்சைப் போட்டு இறுக்கும்போது உள்ளே ஏதோ 'டக்' என்று விட்டது. மாடியிலிருந்து அவர் கத்தினார்: "இறங்கு! இறங்கு!"

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கால் தரையைத் தொட்ட கணத்தில் சங்கு சுவரை விட்டு ஒரு முழம் சரிந்தது. வடம் விறைத்துக் கப்பி கீச்சிட்டது. மரவாடி ஆட்கள் கயிற்றோடு சேர்ந்து நாலடி இழுபட்டுப்போனார்கள். அப்போது கான்ஸ்டபிளின் லத்தியைத் தாண்டி ஓடிவந்த யாத்ரீகர்கள், வேட்டி வரிந்த ஆண்களும் கிழவர்களும், கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். தேர் இழுத்துப் பழகிய கைகள். "ரங்கா! ரங்கா!" என்ற கோஷத்தோடு பின்னுக்குச் சாய்ந்து நின்றார்கள். சங்கு காற்றில் நின்றது.

"மெதுவா விடுங்க, மெதுவா" என்று மேலிருந்து அவர் சொல்லச் சொல்ல, பிடி பிடியாக விட்டார்கள். பாதி வழியில் சங்கு தலைகீழாகச் சாய்ந்து, முதுகு ஓட்டை வழியாக உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும் கொட்டியது. சுற்றி நின்றவர்கள் இரண்டு கைகளையும் குவித்து நீட்டினார்கள்.

"தீர்த்தம்! தீர்த்தம்!"

"ஐயோ, குடிச்சிடாதீங்க! சிமெண்டுத் தண்ணி அது!" என்று நான் அலறினேன். யார் கேட்டார்கள்? வெற்றிலை அம்மாள் அதைத் தலையில் தெளித்துக்கொண்டாள். நல்லவேளை, தண்ணீரின் நாற்றத்தில் யாரும் வாயில் விடவில்லை.

தரையில் உட்கார்ந்ததும் சங்கு சேர்த்த இடத்திலேயே இரண்டாகப் பிளந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. முதலாளி கையில் டபரா காபியோடு வந்து என் முன்னால் நின்றார். "குடிங்கம்மா" என்றார். ஊர் அவரைப் பேசத்தான் செய்தது என்று பிறகு கேள்விப்பட்டோம். ஏகாதசிக்கு முதல் நாள் சங்கு உடைந்த ஹோட்டல் என்று கொஞ்ச காலம் சிலர் அந்தப் பக்கமே போகவில்லையாம். அவர் எங்களைக் குறை சொன்னதாக மட்டும் யாரும் வந்து சொல்லவில்லை. அடுத்த கோடையில் எங்களையே கூப்பிட்டு, சங்கு இருந்த இடத்தில் சுவரோடு சுவராகப் படியும்படி ஒரு தாமரை வைக்கச் சொன்னார். விளக்கு வேண்டாம் என்று அவரே முந்திக்கொண்டார்.

அன்று மாலை காவிரிப் பாலத்தில் எதிரே வந்த கூட்டத்துக்கு வழிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். நான் ஏறியதில் கோபம் என்று எனக்குத் தெரியும். ஏறாமல் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று நானும் மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். பாலம் முடியும் இடத்தில் நின்றார்.

"இனிமே நீ மேல ஏறுறதா இருந்தா முன்னாடியே சொல்லிடு" என்றார். "ஏணி வேண்டாம். உன் உயரத்துக்கு நான் சாரம் கட்டித் தரேன்."

அடுத்த வேலையிலிருந்து அப்படித்தான் கட்டினார்.