பனிப்பூப் பொத்தானைத் தொடாதவள்

என் நாத்தனார் வியேனோவைப் போல ஆமை வேகத்தில் வேலை செய்கிறவளை லாப்லாந்து முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் பார்க்க முடியாது. தபால் வேன் ஓட்டுகிறாள். தனிக்கட்டை. காபியைக்கூட ஆற அமரத்தான் ஊற்றுவாள். அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் ஊரே பேட்டரி சார்ஜரில் பனிப்பூப் படம் போட்ட பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். குளிர்காலமா, பனிப்பூ. அவ்வளவுதான் எங்கள் சாஸ்திரம். இவள் மட்டும் ஒவ்வொரு பேட்டரியையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். டிராக்டருக்கு ஒரு பொத்தான், வேனுக்கு வேறொன்று. "பேட்டரிக்கெல்லாம் ஜாதகம் பாக்குறீங்களா அண்ணி?" என்று நான் கிண்டலடிப்பேன். சிரிக்கவும் மாட்டாள், கோபித்துக்கொள்ளவும் மாட்டாள்.

பிப்ரவரியில் ஒரு நாள். என் வீட்டுக்காரர் தைஸ்தோ காலையிலேயே பனியில் ஓடும் ஸ்னோமொபைலை எடுத்துக்கொண்டு, உறைந்து கிடந்த ஏரிக்கு மீன் பிடிக்கப் போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொன்னவர், இருட்டிய பிறகும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. வெளியே மைனஸ் இருபத்தெட்டு. அவசர எண்ணில் சொல்லிவிட்டேன். டவுனிலிருந்து ஆட்கள் வரும்வரை உயிர் தாங்குமா? அக்கம்பக்கத்தில் வியேனோவைத் தவிர யாரும் இல்லை, எல்லோரும் கலைமான் பட்டிக்குப் போயிருந்தார்கள். மிச்சம் அவளுடைய ஸ்னோமொபைல் ஒன்றுதான். சாவியைத் திருகினால் அது முனகக்கூட இல்லை.

ஓடிப்போய்ச் சார்ஜரைத் தூக்கி வந்து மாட்டினேன். பனிப்பூவின் மேல் விரலை வைப்பதற்குள் வியேனோ என் கையைத் தட்டிவிட்டாள்.

"எடுடி கைய! அந்தப் படம் ஈய பேட்டரிக்கு. இது லித்தியம்."

"லித்தியத்துக்கும் பொத்தான் இருக்குல்ல? அத அழுத்தித் தொலைங்க!"

"இப்ப அதையும் அழுத்தக் கூடாது. தொட்டுப் பாரு, ஐஸ்கட்டியா இருக்கு. இதுக்குள்ள கரண்ட்டத் திணிச்சா உள்ளுக்குள்ளயே செத்துப்போயிரும். முதல்ல சூடாகணும்."

"உங்க வேன்லேருந்து ஒயர் இழுத்தா?"

"அதுவும் திணிக்கிறதுதான் ஹெல்வி."

பேட்டரியைக் கழற்றிக்கொண்டு, தைஸ்தோ வந்து குளிப்பதற்காக நான் அடுப்பு மூட்டி வைத்திருந்த சவுனா என்ற நீராவிக் குளியலறைக்குப் போனாள். நான் பிடுங்கி அடுப்போரம் வைக்கப் போனேன். "வெந்துரும்" என்று வாங்கிக்கொண்டு, முன்னறைப் பலகையில் உட்கார்ந்து ஸ்வெட்டருக்குள் அதை வயிற்றோடு வைத்துக்கொண்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அங்க அவரு விறைச்சுக் கெடக்காரு, நீங்க இங்க அடைகாத்துட்டு இருக்கீங்க! கூடப்பொறந்தவன்னு ஒரு பதற்றம் இருக்கா உங்களுக்கு?"

"ஒரு தடவ ஸ்டார்ட் ஆனா போதும்னு நீ நினைக்கிற. பல தடவ ஆகணும். இருட்டுல அவன் எங்க இருக்கான்னு கண்ணுக்குத் தெரியாது, காதுலதான் தேடணும். நின்னு நின்னு இன்ஜின நிறுத்திக் கேக்கணும். நிறுத்தினது திரும்பக் கிளம்பலேன்னா மூணு பேரும் அங்கயே போய்ச் சேர வேண்டியதுதான்."

அவள் சொன்னது மண்டையில் ஏறவில்லை. கல்நெஞ்சக்காரி, பாவி என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் பேட்டரியைக் கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தாள். ஒருவழியாகச் சார்ஜரில் மாட்டி லித்தியம் பொத்தானை அழுத்தினாள். முழுசாக ஏறியதைக் காட்டும் பச்சை விளக்குக்காகக் காத்திருக்கவில்லை. மூன்று கோடு ஏறியதும் கழற்றிப் போய் வண்டியில் மாட்டினாள். வண்டி கிளம்பியது, நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

ஏரியில் கொஞ்ச தூரம் போவாள், நிறுத்துவாள். நிசப்தம் காதை அடைக்கும். "தைஸ்தோ!" என்று கத்துவோம். ஒன்றுமில்லை. அவள் மறுபடி சாவியைத் திருகுவாள். வண்டி கிளம்பும். மறுபடி நிற்கும். எத்தனை முறை என்று எனக்கு நினைவில்லை.

ஏரி நடுவே இருந்த தீவுத் திட்டுக்கு அப்பால் நிறுத்தியபோது ஈனஸ்வரத்தில் ஒரு குரல் கேட்டது.

கவிழ்ந்த வண்டிக்கு அடியில் கால் மாட்டிக் கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. இருவருமாக வண்டியைப் புரட்டி, அவரை இழுத்து, எங்கள் வண்டிக்குப் பின்னால் கட்டியிருந்த சறுக்குப் பலகையில் கிடத்திக் கம்பளியால் சுற்றினோம். நான் அவர் முகத்தைத் தேய்த்துக்கொண்டே அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாயங்காலம் ஒரு வண்டி கிட்டத்துலயே போச்சுடி. தொண்டை கிழியக் கத்தினேன். அவன் இன்ஜின நிறுத்தவே இல்ல."

நான் வியேனோவைப் பார்த்தேன். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். வண்டி உடனே கிளம்பியது.