பெயர் இல்லாத மாத்திரைகள்

ரத்தத்தில் கிரியாட்டினின் 3.4. ஒன்றைத் தாண்டினாலே சிறுநீரகத்தைக் கவனிக்கச் சொல்கிற கழிவு அது. காமயகவுண்டன்பட்டி சந்தனம்மாளுக்கு வயது அறுபத்து மூன்று. சர்க்கரை கிடையாது. சிறுநீரகத்தில் கல்லும் இல்லை. பிறகு எப்படி ஏறியது?

தினமும் காலையில் டீயோடு அவர் விழுங்கிய ‘செட்டு’தான் ஏற்றியது.

திராட்சைப் பந்தலில் கவாத்து வெட்டினாலும் குலை அறுத்தாலும் அண்ணாந்த கழுத்தும் தூக்கிய கையுமாகப் பகல் முழுக்க நிற்க வேண்டும். ஐம்பது வயதில் அவருக்கு முட்டி வீங்கியது. மூட்டுத் தேய்மானம், ஓய்வெடுங்கள் என்றார்கள். ஓய்வெடுத்தால் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் வேனில் அவர் இடத்தில் வேறொருத்தி ஏறிவிடுவாள். அதனால் தோட்ட வேலைக்குப் போகிற மற்றப் பெண்கள் செய்ததையே அவரும் செய்தார். மருந்துக்கடையில் போய் ஒரு செட்டு என்று கேட்டால் போதும். ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள், பொடிசாக ஒரு வெள்ளை, சின்னக் காகித உறையில் வந்துவிடும். உறையில் ஓர் எழுத்துகூட இருக்காது. வேன் கிளம்புமுன் டீக்கடையில் எல்லோரும் சேர்ந்து போட்டுக்கொள்வார்கள், அதுவும் வெறும் வயிற்றில். வலி வந்த பிறகு அல்ல, வரக்கூடாது என்று முன்கூட்டியே.

கால் வீங்கி, மூச்சு வாங்கி, தேனி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் பிரின்சி கேட்டார்: “என்ன மாத்திரைம்மா போட்டீங்க?”

“செட்டு.”

“அதுல என்னென்ன மாத்திரை? பேரு தெரியாமலா இத்தனை வருஷம் முழுங்கினீங்க?”

“பேரு இருக்குற அட்டையத்தான் கத்தரிச்சுட்டுக் குடுக்குறாகளே தாயி. எதைப் படிக்க?”

சந்தனம்மாளுக்கு நிறத்தை மட்டும்தான் சொல்ல முடிந்தது. டாக்டரின் குரல் இறங்கியது. வலி மாத்திரையை இன்றோடு விட வேண்டும். ஆனால் அந்த வெள்ளை, ஸ்டீராய்டாக இருந்தால் சட்டென்று நிறுத்தக்கூடாது, உயிருக்கே ஆபத்து. “சாயங்காலத்துக்குள்ள பேரைக் கேட்டு போன் பண்ணுங்க. அதுவரை வெள்ளையை விட்டுடாதீங்க.”

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சந்தனம்மாளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தன் வயிற்றுக்குள் போனது என்னவென்று இன்னொருவனிடம் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கிறதே!

மருந்துக்கடை விஜயபாண்டி சிரித்தார். “வலிக்கு நல்லாக் கேக்குதுன்னு நீங்கதானே ஆத்தா ஊரையே கூட்டியாந்தீக? இப்ப வந்து பேரு கேக்குறீக. அதென்ன பேரப்பிள்ளையா?”

“பேரப்பிள்ளைக்குப் பேரு நான் வச்சுக்கிறேன். நீ மாத்திரைக்குச் சொல்லு.”

“இதெல்லாம் மருந்துச் சமாச்சாரம், ஒங்களுக்குப் புரியாது.”

“புரியுற டாக்டரம்மா போன்ல இருக்காக. இந்தா, பேசு.”

விஜயபாண்டி போனைத் தொடவில்லை. “நாளைக்கு வாங்க, கூட்டமா இருக்கு.”

சந்தனம்மாள் நகரவில்லை. உட்கார முட்டி மடங்காது. கண்ணாடி மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றுகொண்டார். சற்று நேரத்தில் வேலை முடிந்து தோட்டத்து வேன் வந்தது. மறுநாளைக்கான செட்டு வாங்க இறங்கிய பெண்களைக் கை நீட்டித் தடுத்தார்.

“யாரும் வாங்காதீக. எனக்குக் கிட்னி போச்சுங்குறாக. என்ன மாத்திரை குடுத்தன்னு கேட்டா இவன் சிரிக்கிறான்.”

கூட வேலை பார்க்கும் மொக்கம்மாள் மடியிலிருந்த பழைய செட்டு உறையை மேசையில் எறிந்தாள். “ஏலே, எங்க மாட்டுக்கு ஊசி போடுற டாக்டர்கூட இன்ன மருந்துன்னு சொல்லிட்டுத்தான்டா போடுறாரு! நாங்க மாட்டவிடக் கேடா?”

கடை வாசல் அடைத்துக்கொண்டது. பின்னால் வந்தவர்களும் எட்டிப் பார்த்து என்ன என்ன என்றார்கள். விஜயபாண்டி மேல் தட்டிலிருந்து டப்பாக்களை இறக்கி, சந்தனம்மாள் மறுபடி டாக்டரைக் கூப்பிட்டு நீட்டிய போனை வாங்கி வாய்க்குள்ளேயே முனகினார்.

“சத்தமா. இவுகளுந்தான் முழுங்குறாக” என்றார் சந்தனம்மாள்.

சத்தமாகவே வந்தது. சிவப்பு வலி மாத்திரை. மஞ்சளும் வலி மாத்திரைதான், வேறு பெயரில். வெள்ளை, ஸ்டீராய்டு.

“ரெண்டு வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்த்தா? அறுபது வயசுக்காரங்களுக்கா?” போனிலிருந்து டாக்டர் கத்தியது வேன் வரைக்கும் கேட்டது. “ஒவ்வொண்ணும் வயித்தைப் புண்ணாக்கும். வலி மாத்திரை கிட்னியையும் சேர்த்துக் கெடுக்கும். யார் சீட்டு எழுதினா?”

யாரும் எழுதவில்லை. விஜயபாண்டி போனைத் திருப்பிக் கொடுத்தார்.

மருந்துக்கடை மறுநாள் காலையும் வழக்கமான நேரத்துக்குத் திறந்தது. சிவப்பும் மஞ்சளும் சந்தனம்மாளுக்கு நின்றுவிட்டன. வெள்ளையை டாக்டர் சொல்லும் அளவில் சில வாரங்களுக்குக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கெட்ட சிறுநீரகம் முழுதாகத் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். மிச்சத்தைக் காப்பாற்ற முடியுமா, டயாலிசிஸ் வேண்டுமா என்பதை வியாழக்கிழமை எடுக்கும் ரத்தத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.