பி. முருகன் என்ற ஒரே வரி

1. கண்ணாடிக் கதவுக்கு வெளியே

பெரியகுளம் முருகன் முதல் தடவை எங்கள் மாடி ஏறி வந்தபோது நான் லைன் பிரிண்டருக்கு ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் மை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, செருப்பு விடும் இடத்தில், தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி ஒருவர் நிற்பதை டேட்டா என்ட்ரி செய்யும் லிஸிதான் பார்த்தாள்.

"சாரே, ஒரு ஆள் வந்நு நிக்குந்நு. தமிழனாணு," என்றாள்.

தமிழ் என்றால் என் பக்கம் தள்ளிவிடுவது ஆபீஸ் வழக்கம். கதவைத் திறந்தேன்.

"சார், கம்ப்யூட்டர்ல என் பேரு இல்லையாம். வேலைக்குக் கூப்பிட மாட்டேங்கறாங்க."

"பேரு என்ன?"

"முருகன் சார். பி. முருகன். பன்னெண்டு வருசமா இங்க மூட்டை தூக்கறேன். பஜார்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

அவருடைய டோக்கன் எண்ணைக் கேட்டுக்கொண்டு உள்ளே போய் லிஸ்டைப் புரட்டினேன். பி. முருகன் என்று ஒரு வரி இருந்தது. ஆனால் அதில் இருந்த பழைய டோக்கன் எண் அவருடையது இல்லை. திரும்பி வந்து, "இது வேற ஆள். உங்க ஃபாரமே வந்திருக்காது. கமிட்டி ஆபீஸ்ல கேளுங்க," என்றேன்.

"அவங்கதான் சார் இங்க அனுப்புனாங்க."

"மெஷின் தப்பு பண்ணாதுங்க. நாம குடுத்ததைத்தான் அது திருப்பித் தரும்."

அவர் என் தோளுக்கு மேலாக உள்ளே நின்ற இயந்திரத்தை ஒரு முறை பார்த்தார். தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். அப்போது எனக்கு இருபத்தேழு வயது.

2. நான் எழுதிய விதி

எண்பதுகளின் தொடக்கம் அது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், ஒரு சுக்கு கோடவுனுக்கு மேல்மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் பீரோ இருந்தது. முதலாளி விஸ்வநாதன் சார், பாலக்காட்டுத் தமிழர். நான் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவன். பஞ்ச் கார்டில் தொழில் தொடங்கி கோபோல் வரை வந்திருந்தேன். கீழேயிருந்து சுக்குத் தூளும் மிளகுத் தூளும் ஏறிவந்து டிஸ்க் டிரைவுக்குள் புகுந்துவிடும் என்பதால் ஜன்னல்களை எல்லாம் அடைத்து ஏசி போட்டிருந்தோம். வெளிச்சத்தம் எதுவும் உள்ளே வராது.

கோடவுன் முதலாளிகளும் யூனியன்களும் சேர்ந்து நடத்திய கமிட்டி ஒன்று மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளர்களை முறைவைத்து வேலைக்கு அழைத்துவந்தது. காலையில் கமிட்டி ஹாலில் பெயர் வாசிப்பார்கள். பெயர் வந்தவருக்கு அன்று வேலை. அதுவரை மூன்று கடவுகளுக்கு, அதாவது படகுத்துறைகளுக்கு, மூன்று புத்தகம். மூன்றிலும் டோக்கன் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். சிலர் இரண்டு புத்தகத்தில் பெயர் கொடுத்து இரட்டை முறை வாங்குகிறார்கள் என்று புகார் இருந்தது. மூன்றையும் ஒன்றாக்கி, இரட்டைப் பதிவை எடுத்துவிட்டு, புது எண்ணோடு ஒரே லிஸ்ட் தரவேண்டும். இதுதான் எங்களுக்குக் கொடுத்த வேலை.

டோக்கன் எண் மூன்று புத்தகத்திலும் மோதியதால் அதை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது. எனவே நான் ஒரு விதி வைத்தேன். இனிஷியல், பெயர், பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போனால் இருவரும் ஒரே ஆள். இரண்டாவது பதிவை நீக்கு. நிரல் அழகாக ஓடியது. நீக்கிய பதிவுகளைத் தனியாக அச்சடிக்கவும் எழுதியிருந்தேன். அறுபத்தொரு வரி வந்தது.

அந்தத் தாளை விஸ்வநாதன் சாரிடம் கொண்டுபோனேன். "சார், இதை ஒருத்தர் நேர்ல போய்ப் பார்த்துட்டா நல்லது."

"அதொண்ணும் வேண்டாம் சண்முகம். கிளீன் லிஸ்டை மட்டும் குடு. இதையும் குடுத்தா யூனியன்காரா பத்து நாள் இதிலேயே பிடிச்சுத் தொங்குவா. அடுத்த வேலை நிக்கறதாக்கும், கேட்டியா?"

சரி சார் என்றேன். தாளை மடித்து என் டிராயரில் வைத்தேன்.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பாதிப்பேருக்குப் பிறந்த தேதி தெரியாது. புத்தகம் எழுதிய கிளார்க் முகத்தைப் பார்த்து ஒரு வருடத்தைப் போட்டு, ஜனவரி ஒன்று என்று எழுதிவிடுவார். ஏறத்தாழ ஒரே வயதுள்ள எல்லோரும் ஒரே நாளில் பிறந்தவர்கள் ஆகிவிட்டார்கள். பெரியகுளத்துக்காரர் பெரியசாமி மகன் முருகன். வேறொரு கடவில் சங்கரன்கோவில்காரர் பிச்சையா மகன் முருகன். இருவருக்கும் பி. இருவருக்கும் அதே ஜனவரி ஒன்று. முதலில் வந்த வரி சங்கரன்கோவில்காரருடையது, அது தங்கியது.

முருகன் முதல் நாள் வந்தபோதே அந்த டிராயரைத் திறந்திருந்தால் இரண்டு நிமிட வேலை. திறக்கவில்லை. என் நிரல் தப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

3. ஒரு வழி

இரண்டாவது தடவை அவர் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தார். கமிட்டி ஆபீஸ் கிளார்க் பென்சிலில் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார். கையெழுத்து இல்லை, சீல் இல்லை. கிளார்க்குக்கு போன் செய்தேன்.

"லிஸ்டில் பேரில்ல. ஞான் எந்து செய்யானா? நிங்ஙளல்லே லிஸ்டு தந்நது," என்றார் அவர்.

முன்பெல்லாம் கிளார்க்கின் கையெழுத்தில் இருந்த பெயரோடு சண்டை போடலாம். அடித்து எழுதச் சொல்லலாம், ஓரத்தில் சேர்க்கச் சொல்லலாம். இரண்டு ஓரமும் துளை போட்ட நீளத் தாளில், எல்லாம் கேப்பிடல் எழுத்தில் அச்சாகி வந்த பிறகு அதோடு யாரும் சண்டை போடவில்லை. கிளார்க்கும் போடவில்லை, யூனியனும் போடவில்லை. அதை எழுதிய நானே போடவில்லை.

"முறைப்படி லெட்டர் வரணும். வந்தா அடுத்த ரன்ல பார்க்கலாம்," என்றேன். நீக்கல்களுக்கு நிரல் தினமும் ஓடும்; புதுப் பெயர் சேர்க்கும் ரன் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

"அதுவரைக்கும் என்ன சார் செய்ய?" என்று கேட்டார். நான் உள்ளே திரும்பினேன். கண்ணாடிக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

மூன்றாவது தடவை வந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது.

"பரவால்ல சார், ஒரு வழி கெடச்சிருச்சு. அந்த இன்னொரு முருகனைத் தேடிப் பிடிச்சிட்டேன். சங்கரன்கோவில் பக்கம். நல்ல மனுசன். ஒரு முறை அவரு போவாரு, ஒரு முறை நான் போவேன். ரெண்டு பேருக்கும் ஒரே பேருதான? டோக்கனை மாத்திக்கறோம். மேஸ்திரிக்கும் தெரியும்."

இது தப்பு, இதில் ஆபத்து இருக்கிறது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி இவர் மாடி ஏறி வரமாட்டார் என்ற நிம்மதி. அதை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்பை எழுதுவதிலேயே பொருளில்லை.

4. அட்டி சரிந்தது

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில், எங்களிடமிருந்து நாலு கட்டிடம் தள்ளி இருந்த ஒரு மிளகு கோடவுனில் அட்டி சரிந்தது. கூரை வரை அடுக்கிய மூட்டைகள். தரை ஈரத்தில் அடிமூட்டை நழுவியது என்று பிறகு சொன்னார்கள். எங்களுக்குச் சத்தம் கேட்கவில்லை. பதினோரு மணிக்குச் சாயா குடிக்க இறங்கினபோது தெருவெல்லாம் கூட்டம்.

"அட்டி மறிஞ்ஞு. ஒரு தமிழன் போயி," என்றார் சாயாக்கடைக்காரர்.

யார் என்று நான் கேட்கவில்லை. சாயாவைக் குடித்துவிட்டு மேலே வந்தேன்.

ஒரு வாரம் கழித்து கமிட்டியிலிருந்து மாற்றப் படிவங்கள் வந்தன. அதில் ஒன்று: பி. முருகன், மரணம், நீக்கவும். லிஸி அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சாரே, இது அந்நு படி கேறி வந்ந ஆளல்லே?"

"இல்ல லிஸி. அவர் பேருதான் லிஸ்ட்லயே இல்லையே," என்றேன்.

அவள் போய் நீக்கல் குறியீட்டை அடித்தாள். என் வாழ்நாளில் நான் சொன்ன மோசமான வாக்கியம் எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒரு மனிதர் செத்தாரா இல்லையா என்பதற்கு நான் லிஸ்டைச் சாட்சி வைத்தேன்.

அடுத்த வாரம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வேறொருவர் நின்றார். உயரம் குறைவு, நரைத்த மீசை.

"சார், நான் முருகன். செத்தது நான் இல்ல," என்றார். "செத்தது பெரியகுளத்து முருகன். அன்னைக்கு அவரு முறை. டோக்கன் என்னோடது. டோக்கனைப் பார்த்து மேஸ்திரி பேரு குடுத்துட்டாரு. மாத்தி ஆள் விட்டது தெரிஞ்சா மேஸ்திரிக்கு வேலை போயிரும், எங்களுக்கும் போயிரும்னு எல்லாரும் வாயத் தெறக்கல. நானும் தெறக்கல சார். ஆனா இப்ப ஹாலுக்குப் போனா, நீ செத்துட்டப்பா, போன்னு சிரிக்கறாங்க."

அவர் அழுதார். அவரை உள்ளே கூட்டிவந்து என் நாற்காலியில் உட்கார வைத்தேன். வெளியாள் ஒருவர் அந்த அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. பிறகு டிராயரைத் திறந்தேன். மடித்த தாளில், நடுவில், இருந்தது வரி: பி. முருகன், பெரியகுளத்துக்காரருடைய பழைய டோக்கன் எண்ணோடு. என் நிரல் நீக்கிய வரி.

5. சேர்த்தல், பிறகு நீக்கல்

தாளை எடுத்துக்கொண்டு விஸ்வநாதன் சாரிடம் போனேன். வாங்கிப் பார்த்தார்.

"சண்முகம், ஃபாரத்திலே தேதி தப்பா எழுதினது கிளார்க்காக்கும். அதைச் சொன்னா போறும். நம்ம புரோகிராமைப் பத்தி நீ எதுக்குப் பறயணும்?"

"விதி நான் எழுதினது சார். இந்தத் தாளும் நம்ம கையிலதான் இருந்தது."

"இங்க பன்னெண்டு பேர் ஜோலி பண்றா. அதை ஓர்த்துக்கோ." அவர் மிரட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். அந்தப் பன்னிரண்டு பேரில் அவருடைய விதவைத் தங்கையும் ஒருத்தி.

அன்று மதியமே நான் தாளோடு கமிட்டி ஆபீசுக்கு நடந்து போனேன். அறுபத்தொரு வரியையும் யூனியன்காரர் ஒருவரோடு சேர்ந்து ஒவ்வொரு கடவாகப் போய்ச் சரிபார்த்தேன். பன்னிரண்டு நாள் ஆனது. பெரும்பாலானவை உண்மையான இரட்டைப் பதிவுகள். விதி சரியாகத்தான் வேலை செய்திருந்தது. பதினான்கு வரிகள் மட்டும் தனித்தனி மனிதர்கள். அவர்களில் ஐந்து பேர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். ஒருவர் வைப்பின் தீவில் வலை இழுக்கப் போய்விட்டார். மற்ற யாரும் எங்கள் மாடிக்கு வந்து கேட்கவில்லை. முருகன் ஒருவர்தான் வந்து கேட்டார்.

பிறகு நடந்த கமிட்டி விசாரணையில் விதியை நான் எழுதியதாகச் சொன்னேன். கமிட்டி எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. திருத்தும் வேலை முடிந்ததும் நான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். விஸ்வநாதன் சார் படிக்காமலே வாங்கிக்கொண்டார்.

அதற்கு முன்பே பெரியகுளத்திலிருந்து முருகனின் மனைவி பேச்சியம்மாள் வந்திருந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் மரணச் சான்றிதழிலும் தகப்பன் பெயர், கமிட்டிப் புத்தகத்தைப் பார்த்து, பிச்சையா என்று எழுதப்பட்டிருந்தது. ஊரில் எந்த ஆபீசிலும் அதை ஏற்கவில்லை. அவர் கண்ணாடிக் கதவைத் தாண்டவில்லை. நான்தான் வெளியே போய் நின்றேன்.

"அவுக அப்பா பேரு பெரியசாமி, தம்பி. அந்தப் பேரை மட்டும் மாத்திக் குடுங்க. யாரோ ஒருத்தர் மகன்னு எழுதி எங்க வீட்டு ஆளப் பொதைச்சிருக்கோம்," என்றார். என்னை அவர் திட்டவில்லை. நான் யார் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

மாற்றுவது எளிதாக இல்லை. கமிட்டியின் கடிதம் இருந்தால்தான் சான்றிதழைத் திருத்துவார்கள். லிஸ்டில் இருந்த ஒருவர் இறந்தார் என்றால்தான் கமிட்டி கடிதம் கொடுக்கும். அவர் லிஸ்டில் இல்லை. இல்லாத வரியை என் நிரல் நீக்காது. பிழை என்று சொல்லி நின்றுவிடும். அப்படித்தான் எழுதியிருந்தேன். எனவே முதலில் அவரைச் சேர்க்க வேண்டும், பிறகு அடுத்த ரன்னில் நீக்க வேண்டும்.

லிஸியை அடிக்கச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்து அடித்தேன். முருகன், தகப்பன் பெயர் பெரியசாமி, பெரியகுளம். இந்தத் தடவை தகப்பன் பெயரை முழுதாக அடிக்க இடம் ஒதுக்கியிருந்தேன். திருத்தத்துக்கென்று தனியாக ஓட்டியதால் வரி அன்றே ஏறியது. நீக்கல் அடுத்த நாளைய ரன்னுக்கு.

நடுவில் இருந்த அந்த ஒரு காலைக்கான லிஸ்டும் வழக்கம்போல ஹாலுக்குப் போய்விட்டது. அதை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சங்கரன்கோவில் முருகன் மறுநாள் வந்து சொன்னார். கிளார்க் வழக்கமான குரலில் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தாராம். "பெரியசாமி மகன் முருகன்" என்று வாசித்தாராம். வரிசையில் இருந்தவர்கள் தலையைத் திருப்பினார்களாம். கிளார்க்குக்குப் புரியவில்லை, நிமிர்ந்து பார்த்து, இன்னொரு தடவை சத்தமாக வாசித்தாராம்.

"யாரும் பதில் சொல்லல சார்," என்றார் அவர். "நான்தான் கடைசியில, வரலைன்னு சொன்னேன்."

அதன் பிறகு பல ஊர்களில், பல நிறுவனங்களில், பல மொழிகளில் நிரல் எழுதியிருக்கிறேன். இப்போது ஒரு கைபேசிக்குள் அந்த மாடியறை இயந்திரம் நூறு அடங்கும். இளையவர்கள் என்னிடம் வேகம் பற்றிக் கேட்கிறார்கள், அளவு பற்றிக் கேட்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது சின்ன விஷயம். மனிதர்களின் பெயரை நீக்கும் நிரல் எதையும் நான் அதன் பிறகு தனியாக ஓட விட்டதில்லை. நீக்கப்படும் பெயர்களை அச்சடித்து, ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் ஓட்டுவேன். தாமதமாகிறது என்று எல்லா மேலாளர்களும் சலித்துக்கொண்டார்கள். தாமதம்தான். மட்டாஞ்சேரியில் ஒருவர் மூன்று தடவை மாடி ஏறி வந்தார். நான் ஒரு தடவைகூட அவரோடு இறங்கிப் போகவில்லை.