மரகதம் அக்கா கழற்றிப் பூட்டிய மோட்டார் சைக்கிள்

போன மாதம் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது என் கைபேசி இரண்டு முறை அதிர்ந்தது. வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மரகதம் அக்காவின் கணவர் மாதையன் அண்ணனின் குரல் ஒவ்வொரு சொல்லாக வந்தது. "கண்ணு... மரகதம்... போயிட்டா."

பக்கவாதத்துக்குப் பிறகு நாலு சொல் சேர்த்துப் பேசுவது அவருக்குப் பெரும்பாடு. வேறு யாரையாவது சொல்லச் சொல்லியிருக்கலாம். அவரே சொன்னார். காலையில் வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்த அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்று பிறகு தெரிந்தது.

நம் கல்லூரியில் படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். இயற்பியல் ஆய்வகத்தின் உதவியாளர். கன்னடம் பேசுகிறவர்களுக்கு மரகதம்மா, எங்களைப் போன்ற சில தமிழர்களுக்கு மரகதம் அக்கா. கொள்ளேகாலில் பிறந்து, கல்யாணமாகி மைசூருக்கு வந்தவர். கல்லூரியில் என்னை 'மேடம்' என்பார். மேட்டகள்ளியில் இருந்த அவர் வீட்டுக்குள் காலை வைத்ததும் 'கண்ணு' ஆகிவிடுவேன். ஆய்வகத்து அக்காவைப் பற்றி உங்களுக்கே நிறையத் தெரியும். நான் அந்த வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன்.

மாதையன் அண்ணன் மைசூரில் முன்பு இருந்த ஒரு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே செய்த வண்டி ஒன்று அவரிடமும் இருந்தது. ஒற்றை என்ஜின், இரண்டு சைலன்சர். நாளடைவில் அது கெட்டு, வீட்டு முன்புறம் தார்ப்பாய்க்குள் முடங்கிக் கிடந்தது. ஆறேழு வருடங்களுக்கு முன்னால் அண்ணனும் முடங்கினார். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன, பேச்சு போய்விட்டது. உடற்பயிற்சி சொல்லித்தர வந்தவரைப் பார்த்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சாப்பிடக்கூட எழுந்து வருவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வகப் பதிவேடு ஒன்றை வாங்குவதற்காக நான் அங்கே போயிருந்தேன். அக்கா கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தாம்பாளம், அதில் அந்த வண்டியின் கார்புரேட்டர். அதன் சின்னப் பித்தளைத் திருகைக் காய் நறுக்கும் கத்தியால் நெம்பிக்கொண்டிருந்தார். அண்ணன் இடது கையால் கட்டிலைத் தட்டினார். அக்கா நிமிரவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். அக்கா இன்னும் பலமாக நெம்பினார். அண்ணன் சுவரைப் பிடித்து எழுந்து, காலை இழுத்து இழுத்து நாலு அடி நடந்து வந்து, கத்தியைப் பிடுங்கி எறிந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து கார்புரேட்டரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். படுக்கையில் விழுந்த இரண்டு மாதத்தில் அவர் தானாக எழுந்தது அன்றுதான்.

சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்த அக்காவிடம் மெல்லக் கேட்டேன். "அக்கா, நிஜமாவே உங்களுக்கு அதைக் கழட்டத் தெரியாதா?"

"இருபத்தஞ்சு வருசமா லேபுல ஸ்க்ரூதான கழட்டறேன், எனக்குத் தெரியாதா? தப்பாச் செஞ்சாத்தான் கண்ணு, மனுசன் எந்திரிச்சு வர்றாரு."

அடுத்த ஞாயிறிலிருந்து நானும் போகத் தொடங்கினேன். மட்கார்டுத் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என் வேலை. டேங்குக்குள் சின்னக் கூழாங்கற்களைப் போட்டு நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். துரு செம்மண் தண்ணீராக வந்தது. அண்ணன் நாற்காலியில் இருந்தபடி விரலால் காட்டுவார். அக்கா செய்வார். சில தப்புகள் வேண்டுமென்று செய்தவை, சில உண்மையான தப்புகள். எது எது என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. அண்ணனுக்கு முதலில் திரும்பி வந்த சொல் "இல்ல" என்பது. அப்புறம் "அது". அப்புறம் "இன்னும்". ஒவ்வொன்றும் வந்த நாளில் அக்கா எனக்கு ஒரு தம்ளர் காபி கூடுதலாகக் கொடுத்தார்.

நாலு மாதத்தில் என்ஜின் ஓடியது. அக்கா பழைய சுடிதாரின் மேல் அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் ஓட்டிப் பழகினார். அந்த நேரத்தில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். அந்த மாதிரி வண்டிக்குப் பெட்ரோலோடு என்ஜின் ஆயிலையும் கலந்துதான் ஊற்ற வேண்டும். அந்த ஆயில்தான் பிஸ்டனுக்கு வழுவழுப்பு. அதைப் பத்து தடவை கேட்டும் பார்த்தும் இருக்கிறேன். அன்றைக்கு என்ன ஞாபகமோ, வெறும் பெட்ரோலை ஊற்றிவிட்டேன்.

அக்கா நாலாவது சுற்று போனபோது தெருக்கோடியில் கிறீச்சென்று ஒரு சத்தம். பிஸ்டன் சிக்கி, பின்சக்கரம் அப்படியே நின்று, வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. அவர் எப்படியோ கிளட்சைப் பிடித்து, காலை ஊன்றி நிறுத்தினார். செருப்பு அறுந்துவிட்டது. இரண்டு பேருமாக வீட்டுக்குத் தள்ளி வந்தோம். அண்ணன் டேங்க் மூடியைத் திறந்து விரலை நனைத்து, கட்டைவிரலோடு உரசிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆயிலு?" என்றார்.

நான் அங்கேயே அழுதுவிட்டேன். நான் இயற்பியல் நடத்துகிறவள். உராய்வைப் பற்றி வருடா வருடம் பாடம் எடுக்கிறவள். அக்கா அறுந்த செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஒருக்காப் பூட்டியாச்சு, வழி தெரிஞ்சு போச்சு. மறுக்காப் பூட்டுனா இன்னும் சுருக்கா முடியும். நீ மூஞ்சியக் கழுவு கண்ணு."

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு நான் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாவது வாரம் அக்கா ஆய்வகத்தில் என் மேசை முன்னால் வந்து நின்றார். "மேடம், ஞாயித்துக்கெழம வரோணும். பெட்ரோல் ஊத்த ஆளில்லீங்க."

போனேன். சிலிண்டரை லேத் பட்டறையில் குடைந்து வாங்கி, புதுப் பிஸ்டன் போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். அக்கா பெட்ரோல் கேனையும் ஆயில் அளக்கும் குப்பியையும் என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, துவைத்த துணி எடுக்கப் போய்விட்டார். நான் அளந்து, கலந்து, ஊற்றி, மூடியைத் திருகி முடிக்கும்வரை அவர் இந்தப் பக்கம் வரவில்லை.

அன்று கிளப்ப அக்கா வண்டியருகே வந்தபோது அண்ணன் தன் மார்பைத் தொட்டு, "நானு" என்றார். அந்த வண்டிக்குக் கிக்கர் இடது பக்கம். அவருடைய நல்ல காலும் இடது கால்தான். அதுவரை எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. ஸ்டாண்டில் நின்ற வண்டிமேல் அவரை ஏற்றி உட்காரவைத்தோம். வலது பக்கம் அக்கா தோள் கொடுத்துத் தாங்கினார். முதல் உதையில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் என்ஜின் பிடித்துக்கொண்டது. வலது கைப்பிடியை அண்ணனால் முறுக்க முடியாது. சத்தம் இறங்கிச் சாகப்போன நேரத்தில் அவர் கத்தினார்: "ரேஸ் குடு! ரேஸ் குடு மரகதம்!"

அக்கா குடுத்தார். தெரு முழுக்கப் புகை. மூன்று சொல் சேர்ந்தாற்போல வந்ததை நான்தான் எண்ணினேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொகை" என்றார்.

அப்புறம் ஞாயிறு காலைகளில் குக்கரஹள்ளி ஏரிப் பக்கம் அவர்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அக்கா ஓட்டுவார். அண்ணன் பின்னால், இருவர் இடுப்பையும் சேர்த்து ஒரு துண்டால் கட்டியிருக்கும். கியர் மாற்ற வேண்டிய இடத்தில் அவர் தோளில் தட்டுவார். "வீட்டுலயும் அப்புடித்தான், ரோட்டுலயும் அப்புடித்தான். தட்டிக்கிட்டே இருப்பாரு" என்று அக்கா சொல்வார். குறைபோலச் சொல்வார், முகத்தில் குறை இருக்காது.

போன வாரம் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி இணைப்பை மாற்றிக் கொடுத்துக் கால்வனாமீட்டரைக் கருக்கிவிட்டாள். மறுநாள் ஆய்வகத்துக்கு வரத் தயங்கி வாசலிலேயே நின்றாள். நான் பெட்டியைப் பிரித்துப் புதுக் கால்வனாமீட்டரை அவள் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் அவள் கம்பிகளைப் பொருத்தும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது. துணி எடுக்கப் போன அக்காவுக்கும் அன்று அப்படித்தான் இருந்திருக்கும். நான் திரும்பவில்லை.