அக்கா கொல்லையில் மிஞ்சிய கசடு

அக்காவின் காரியத்துக்கு இந்த வெயிலில் வந்து, பந்தலில் உட்கார்ந்து இந்தத் தாளைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும் தம்பியின் வணக்கம்.

அக்கா பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் மரக்காணத்துக்குப் பக்கத்தில் இதே குப்பத்தில்தான். மாமா தவறிப்போன பிறகு, மகளை வளர்க்க அவர் அடுப்பில் ஏற்றியது ஈயச் சட்டி. நம்மில் பலர் வலையில் கட்டியிருக்கும் ஈயக் குண்டு அக்கா வார்த்துக் கொடுத்ததுதான்.

கிழிந்த வலையில் அறுத்தெடுத்த பழைய குண்டு வந்தால் முதலில் காயப்போடுவார். உப்பு ஏறிய குண்டு காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் வைத்திருக்கும். உருகிய ஈயத்தில் விழுந்தால் வெடித்துத் தெறிக்கும். அவர் கழுத்துத் தழும்பு அப்படி வந்தது. "கடலம்மா முத்தம் குடுத்துட்டா" என்று சிரிப்பார்.

உருகியதும் மேலே சாம்பல் நிறத்தில் ஏடு கட்டும். மெழுகுவத்தித் துண்டு போட்டுக் கிளறி, அழுக்கை ஓட்டைக் கரண்டியால் வாரி எடுப்பார். அடியில் ஈயம் கண்ணாடி மாதிரி நிற்கும். வாரிய கசடு கொல்லையில் குவியும். பழைய குண்டுக்குப் பதில் பேட்டரியில் உடைத்தெடுத்த ஈயத் தகடு வரத் தொடங்கியதும் கசடுதான் அதிகம். கொண்டுவருகிறவரிடம் அக்கா கேட்பார்.

"ஏம்பா, பேட்டரி வேணாம்னு சொன்னேன்ல? பாதிக்குப் பாதி கசடாப் போவுது."

"கசட நீயே வச்சிக்கக்கா. எனக்குக் குண்டு குடுத்தா போதும்."

"வச்சிக்கிறேன், வச்சிக்கிறேன். என் வீட்டுல வேற என்ன சொத்து இருக்குது?"

மகள் உண்டானபோது, ஈயத்தூள் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னார். அன்றே அக்கா அடுப்பை அணைத்தார். "கொல்லைய சுத்தம் பண்ணிட்டுக் கூப்புடுறேன்டி" என்று மகளை ஆரோவில் பக்கம் மாமியார் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். அப்போதே அக்காவுக்குத் தீராத வயிற்று வலி, மணிக்கட்டு பிடிப்பில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையாலேயே கசடையும் மண்ணையும் சுரண்டி டிரம்மில் அள்ளினார். யாரையும் கிட்டே விடவில்லை. டிரம் பாதி நிறையும்போது விழுந்தார். இரத்தம் முழுக்க ஈயம், சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

பேரனை அங்கேதான் காட்டினோம். கையைக் கழுவினால் போதும் என்றார் நர்சம்மா. அக்கா சோப்புப் போட்டுக் கழுவினார். அப்படியும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தூக்கும்மா."

"வேணாம்டி. என் கையில இருக்குது. இப்படியே பாக்குறேன்."

அதுதான் கடைசி.

கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த ஆட்டோத் தம்பிக்கும், கஞ்சி கொண்டுவந்த பெண்களுக்கும், நர்சம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

கூடவே ஒன்று கேட்கிறேன். டிரம்மும் மீதி மண்ணும் அக்கா கொல்லையிலேயே இருக்கின்றன. கடலிலோ உப்பளத்து வாய்க்காலிலோ கொட்டிவிடலாம் என்று யாரும் சொல்ல வேண்டாம். முறையாக எடுத்துப்போகிறவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். வண்டி வரும் நாளில், குண்டு வாங்கிய ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவராவது வந்து நில்லுங்கள். நாம் அக்காவிடம் விட்டுவந்த கசடு அது.

பேரன் தவழத் தொடங்கிவிட்டான். அக்கா வீட்டுக்கு அவன் இன்னும் வரவில்லை.