அவள் போனில் நான் போட்ட ஆப்

கடலூர் வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைச் சர்வராக்கியிருந்தேன். நான் எழுதிய ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரலால் புதுப் பாட்டுகள் தானாக இறங்கும். என் போனிலிருந்தும் மனைவி போனிலிருந்தும் போட்டோக்கள் தானாக ஏறும்.

பெருமையாகக் காட்டியபோது, சிதம்பரத்திலிருந்து வந்திருந்த மைத்துனன் குரலைத் தாழ்த்தினான். "மாமா, எம் பொண்டாட்டி போனயும் இதுல சேத்து விடுங்க. அவளுக்குத் தெரிய வேணாம்."

நான் அதட்டினேன். "சீ! கட்டுனவள வேவு பாக்குறியேடா, வெக்கமா இல்ல?"

அவன் திரையில் என் மனைவியின் போட்டோக்களைக் காட்டினான். "அக்காவக் கேட்டுட்டா சேத்தீங்க?"

கேட்கவில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் நானே போட்டுவிட்ட ஆப் அது.

பின்னால் நின்றிருந்த மனைவி தன் போனில் வைஃபையை அணைத்தாள்.

ஸ்கிரிப்டையும் ஆப்பையும் அன்றே அழித்துவிட்டேன். ஆனாலும் அவள் இன்றுவரை வீட்டு வைஃபையைத் தொடுவதில்லை. தனியாக டேட்டா போட்டுக்கொள்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அன்று சொன்ன அதே "சீ!" வருகிறது, மைத்துனன் மேல் அல்ல, என் மேலேயே.