மாமா கண்டுபிடித்த காரணம்

இந்த வாரம் என் மகன் ஒரகடத்துக்கு வேலைக்குப் போகவில்லை. காய்ச்சலும் இல்லை, சூப்பர்வைசரோடு சண்டையும் இல்லை. பக்கத்து மாநில லாட்டரியில் அவன் கணித்த எண் வந்துவிட்டது. “அம்மா, இதுல ஒரு பேட்டர்ன் இருக்கு” என்று போனைக் காட்டினான். எனக்கு மாமாவின் டிபன் கேரியர் ஞாபகம் வந்தது.

அம்மாவின் தம்பியான அந்த மாமா, ஸ்ரீபெரும்புதூரில் எங்களோடு தங்கி, இரும்பு வார்க்கும் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். ஓட்டை விழுந்த உருப்படிகளைப் பொறுக்கி ஒதுக்க வேண்டும். அவர் ஒதுக்குவதோடு நிற்கவில்லை. திங்கட்கிழமைகளில் மட்டும் ஏன் அதிகமாக விழுகிறது என்று யோசித்து, ஞாயிறு விடுமுறையில் மூடாமல் கிடக்கும் அச்சு மணல் ஈரம் இழுப்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். எல்லோர் முன்னாலும் கைதட்டி, எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய விருது யாரும் வாங்கியதில்லை.

வினை அந்த டிபன் கேரியரில்தான் வந்தது.

அப்போது நம் ஊரில் லாட்டரிக்குத் தடை கிடையாது. மாமா பேப்பரில் வரும் முடிவுகளை வெட்டி, பீரோ கதவில் சோற்றுப் பசையால் ஒட்டினார். கடைசி எண்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். மழை நாளா, வெயில் நாளா, அமாவாசையா என்று ஓரத்தில் எழுதுவது என் வேலை.

“காரணம் இல்லாம ஓட்டையும் வுழாது, நம்பரும் வராது பாப்பா. நாம சரியாப் பாக்கணும், அவ்ளோதான்.”

எனக்கு அது அறிவியல் பாடத்தைவிட நன்றாகப் புரிந்தது.

அப்பா சும்மா இருப்பாரா? “இன்னா மச்சான், உன் நம்பர் காஞ்சிபுரம் பஸ்ஸுல வந்துகினு கீதா? லேட்டாவுதே!”

அம்மா சிரிக்க மாட்டாள். தம்பியின் வேலை நிரந்தரமாகப்போகிற சமயம் அது. அதுவரை அவன் ஒழுங்காகப் போய்வர வேண்டுமே என்பதுதான் அவள் கவலை.

ஒரு சாயங்காலம் மாமா என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்து, பஸ் ஸ்டாண்டு லாட்டரிக் கடைக்குப் போனார். கடைக்காரர் பலகையில் சாக்பீஸால் எழுத எழுத, மாமாவின் பிடி என் தோளில் இறுகியது. அவர் சொன்ன எண்ணேதான். சின்னப் பரிசு. ஆனால் மாமா பணத்தை வாங்கக்கூட மறந்து, “பாத்தியா பாப்பா, பாத்தியா!” என்று என்னைத் தூக்கிச் சுற்றினார்.

வீட்டில் பரோட்டாப் பொட்டலங்களைப் பிரித்தோம். அப்பா கொஞ்ச நேரம் பீரோ கதவையே பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “அடுத்தது இன்னா நம்பர் மச்சான்?” என்றார்.

அம்மா மட்டும் சாப்பிடவில்லை. “இது வராமலே இருந்திருக்கக் கூடாதா” என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். தம்பி ஜெயித்ததில் பொறாமை என்று நினைத்து, அவள் பங்கையும் நானே தின்றேன்.

அடுத்த வாரத்திலிருந்து மாமா வேலைக்குப் போகவில்லை. “இதப் பாக்கவே நேரம் பத்தலக்கா” என்றார். கம்பெனி ஆள் வீடுவரை வந்து கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு அவரும் வரவில்லை. பீரோ கதவில் இடம் தீர்ந்து, தாள்கள் சுவரில் ஏறின.

ஞாயிறுதோறும் அம்மா மாமாவின் காக்கிச் சட்டையைத் துவைத்தாள். இஸ்திரி போட்டு, கழுவிக் கவிழ்த்த டிபன் கேரியருக்கு மேலே ஆணியில் மாட்டினாள். அழுக்கே படாத சட்டை.

“மாமாதான் வேலைக்கே போறதில்லையே, எதுக்கும்மா தோய்க்கிற?”

அவள் காலரை நீவிவிட்டாள். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்றுதான் அன்று நான் நினைத்துக்கொண்டேன்.